வலை போடும் முன்: காட்டு ஓடையில் ஆய்வு செய்ய அனுமதி பெறுவது

சிங்கப்பூரின் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியில் ஓடை மீன், நண்டுகளைக் கணக்கெடுக்க அனுமதி வாங்கப் போகிறீர்களா? முதலில் வரைபடத்தை எடுங்கள். விண்ணப்பத்தை அப்புறம் எழுதலாம்.

சிங்கப்பூரில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகள் நான்குதான்: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார். 2005ஆம் ஆண்டின் பூங்காக்கள், மரங்கள் சட்டப்படி, அங்கே அனுமதியின்றிச் செடி பறிப்பதும், விலங்கு பிடிப்பதும், பொறி வைப்பதும் குற்றம். அபராதம் 50,000 வெள்ளி வரை, சிறை 6 மாதம் வரை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். "பிடித்து, அளந்து, அங்கேயே விட்டுவிடுவோம்" என்பது சமாதானம் ஆகாது, பிடித்தாலே பிடித்ததுதான். உதிர்ந்த இலை எடுப்பதையும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

காட்டுக்கு அனுமதி தருவது தேசியப் பூங்காக் கழகம். ஆனால் மெக்ரிட்சி, பியர்ஸ், அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கங்களின் தண்ணீர் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. நீ சூன் சதுப்புக் காட்டை ஒட்டி ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் ராணுவத்தின் அனுமதி இல்லாமல் பூங்காக் கழகத்தின் தாளை மட்டும் நீட்டிப் பயனில்லை. ஒன்மேப் என்ற அரசாங்க இணைய வரைபடத்தில் ஒவ்வோர் ஆய்வுப் புள்ளியையும் குறித்து, அது யார் எல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அடர்ந்த மரக்கூரையின் கீழ் ஜிபிஎஸ் தள்ளிக் காட்டும். எனவே எல்லைக்கோட்டை ஒட்டிய புள்ளிகளைத் தவிர்ப்பதே புத்தி.

எங்கள் முதல் விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பியது. காரணம் ஒரே வரி: "மீன் மாதிரிகள் சேகரிக்கப்படும்." எந்த இனம், எத்தனை, எந்த வலை, வலைக் கண்ணின் அளவு என்ன, எத்தனை நேரம் தண்ணீரில் இருக்கும், பிடித்தது உயிரோடு திரும்புமா, சாகடிக்கப்பட்டால் எந்த அருங்காட்சியகத்துக்குப் போகும் என்று எல்லாமே எண்ணிக்கையோடு வேண்டும். சிங்கப்பூரில் மட்டுமே வாழும் நன்னீர் நண்டுகள் மூன்று வகை. அவை இருக்கும் ஓடை என்றால் முழு நண்டு கேட்காதீர்கள். படமும், மரபணுச் சோதனைக்கு ஒரு கால் நுனியும் போதும். தோலுரிக்கும்போது கால் மீண்டும் வளரும். முதுகெலும்புள்ள விலங்கைப் பிடிக்கும் பல்கலைக்கழக, பாலிடெக்னிக் குழுக்கள் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் வாங்க வேண்டியிருக்கும். அந்தக் குழு மாதத்தில் என்றைக்குக் கூடுகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான கால அட்டவணைகள் அங்கேதான் சறுக்குகின்றன. களத்தில் இறங்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்னால் வேலையைத் தொடங்கினால் மூச்சு விடலாம்.

வனப்பாதைகள் காலை 7 முதல் இரவு 7 வரைதான். தவளை ஆய்வு மாதிரி ராத்திரி வேலை என்றால் அந்த நேரத்தை விண்ணப்பத்திலேயே தனியாகக் கேளுங்கள். உதவிக்கு வரும் எல்லோர் பெயரும் பட்டியலில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் "தம்பியும் வரட்டும்" என்று கூட்டிக்கொண்டு போக முடியாது. டிரோன் வேண்டுமென்றால் அது தனிக் கதை. 250 கிராமுக்கு மேல் எடை என்றால் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவும் வேண்டும்.

அனுமதி வந்ததும் அதன் எண்ணைப் பாருங்கள்: என்பி/ஆர்பி என்று தொடங்கி ஆண்டும் வரிசை எண்ணும் இருக்கும். கைப்பேசியில் மட்டும் நம்பாமல் அச்சுப்படி ஒன்றை நனையாத உறையில் போட்டு வைத்திருங்கள். ஓடையில் பேட்டரி முதலில் சாகும். காலணிகளை ஒவ்வோர் ஓடைக்கும் இடையே தேய்த்துக் கழுவி, காயவைத்துப் போடுங்கள்.

ஓர் ஓடையில் பிடித்ததை வேறோர் ஓடையில் விடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றி விலங்கை விடுவதற்கு முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். வெசாக் நாளில் ஆமை விடுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

ஆய்வு முடிந்ததும் அறிக்கை கொடுக்க வேண்டும். பிடித்த எண்ணிக்கையை அன்றன்றே எழுதுங்கள். நீட்டிப்பு கேட்கும்போது, அனுமதித்த எண்ணும் பிடித்த எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கப்படும்.