டீசல் கடையும் வீட்டு ஓனரும்

நெடுஞ்சாலை ஓரம் லாரிகளுக்கு டீசலும் டிரைவர்களுக்குச் சாப்பாடும் விற்கும் கம்பெனி டிராவல்சென்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா. அதன் 2022 விற்பனை சுமார் 1,080 கோடி டாலர். கேட்டதும் வாய் பிளக்கும். நின்ற லாபம் 16 கோடி சொச்சம். நூறு டாலருக்கு விற்றால் ஒன்றரை டாலர், அதுவும் நல்ல வருஷத்தில்!

டீசல் விலை ஏறினால், ஒரு சொட்டுகூட அதிகம் விற்காமலே விற்பனை வீங்கிக்கொள்ளும். அதனால் அந்தத் தொகையை விட்டுவிட்டு, எத்தனை காலன் போனது, காலனுக்கு எத்தனை சென்ட் நின்றது என்று பாருங்கள். வாசல் போர்டு விலையையும் நம்பாதீர்கள். நிறைய லாரி வைத்திருப்பவர்கள் பேரம் பேசி வேறு விலையில் அடிக்கிறார்கள்.

கொழுத்த மார்ஜின் உள்ளே இருக்கிறது: டயர், சர்வீஸ், சாப்பாடு. எட்டு மணி நேரம் ஓட்டிய டிரைவர் அரை மணி ஓய்ந்தே ஆகவேண்டும். 11 மணி நேரம் ஓட்டிவிட்டால் அடுத்து 10 மணி நேரம் ஸ்டியரிங் தொடக்கூடாது. ஓட்டிய நேரத்தைத் தானே பதியும் எலக்ட்ரானிக் லாக் புக் பொய் எழுத விடாது. ஆக, சட்டமே ஆளைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. ஐம்பது காலனோ அதற்கு மேலோ டீசல் அடித்தால் குளியல் இலவசம் என்பது பொதுவான வழக்கம். தோளில் துண்டோடு, திரையில் தன் நம்பர் வரும்வரை நிற்கிறவர் சும்மாவா நிற்பார்? ஒரு பொட்டலம் உப்புக்கண்டம், ஒரு சார்ஜர். இந்தத் துண்டு எந்த ஆண்டறிக்கையிலும் தெரியாது.

அடுத்து வாடகை. 2007-இல் டிராவல்சென்டர்ஸைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்ட ரியல் எஸ்டேட் டிரஸ்ட்தான் பெரும்பாலான இடங்களுக்கு ஓனர். 2022-இல் வருஷ வாடகை 24 கோடி டாலர் போல. வாடகைக்கு முந்தைய லாபத்தை அலங்கரித்துக் காட்டினால் மயங்காதீர்கள். வாடகையும் ஒரு கடன் மாதிரிதான் என்று அதை எட்டால் பெருக்கிக் கடனோடு சேர்ப்பது பழைய கணக்கு. இதைவிட வேடிக்கை, கடைக்காரர் டைல்ஸ் போட்டு அதை ஓனருக்கே விற்க அப்போது வழி இருந்தது. வாங்கிய காசுக்கு வருஷம் 8.5 சதவீதம் வாடகை கூடும் என்று ஒப்பந்தம். 2023 வரை ஓனருக்கும் கடைக்காரருக்கும் மேனேஜ்மென்ட் ஒன்றே, ஆர்எம்ஆர் என்ற நிர்வாகக் கம்பெனி. பேரம் கண்ணாடி முன்னால் நடந்திருக்கும்.

2019-இல் ஐந்து பங்கை ஒன்றாக்கினார்கள். 2020 மார்ச்சில் அந்த ஒன்றும் 10 டாலருக்குக் கீழே. 2023-இல் எண்ணெய் கம்பெனி பிபி பங்குக்கு 86 டாலர் கொடுத்து வாங்கியது. பெட்ரோல் பங்க் கடைகள் நடத்தும் ஆர்கோ 92 தருகிறேன் என்று வந்தது. ஆறு டாலர் கூடுதல். ஆனால் ஆர்கோவின் கடன் தரம் இட ஓனரான டிரஸ்டுக்குப் பிடிக்கவில்லை. மாசம் பிறந்தால் வாடகை வரணுமே!