கரண்ட் போனாலும் சூடு நிற்கிற பெட்டி: மோல்மினில் நான் இன்குபேட்டர் வாங்கின அனுபவம்

பர்மாவில் மோல்மின் ஊரில் எங்கள் வீட்டில் எப்போதும் அடைக்கோழிதான். ஆயா இருந்த காலத்தில் மூங்கில் கூடையில் உமியும் வைக்கோலும் போட்டு, முட்டைகளுக்கு நடுவே ஒரு அடுப்புக்கரித் துண்டும் ஒரு துருப்பிடித்த ஆணியும் ரெண்டு காய்ந்த மிளகாயும் வைத்துத்தான் கோழியை உட்கார வைக்கும். இடி இடித்தால் கரு கலங்கிவிடுமாம், அதற்குத்தான் கரியும் இரும்பும். ஆயாவுக்குப் பிறகு பெரியம்மாவும் அப்படியே செய்து வந்தார்கள். போன வருஷம், அடை வைத்த ஒன்பதாம் நாள் ராத்திரி, கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. காலையில் பார்த்தால் கூடையில் 11 முட்டை அப்படியே கிடக்கிறது, தொட்டால் லேசாகச் சூடு கூட இருக்கிறது, டார்ச் வைத்துப் பார்த்தால் உள்ளே நரம்பு ஓடி நடுவில் ஒரு புள்ளி அசைகிறது. தெரு முழுக்கக் கேட்டும் வேறு அடைக்கோழி கிடைக்கவில்லை. பழைய துணியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைத்துப் பார்த்தோம், மூணாம் நாள் எல்லாம் நின்றுவிட்டது. எனக்கு அது மனசை விட்டுப் போகவே இல்லை. கோழி இல்லாமலே சூடு கொடுத்து முட்டை பொரிக்கிற பெட்டி, இன்குபேட்டர், வாங்கியே தீர வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததுதான்.

முதலில் வாங்கினது தப்பான பெட்டி. அதைச் சொல்லிவிட்டுத்தான் சரியானதைப் பற்றிச் சொல்ல முடியும். அது 12 முட்டை வைக்கிற தெர்மோகோல் பெட்டி. காற்றாடி கிடையாது, முட்டையைக் கையால்தான் திருப்ப வேண்டும். அட்டையில் 98 சதவீதம் பொரிக்கும் என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள், நான் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை முட்டையைத் திருப்பி, ராத்திரி அலாரம் வைத்து எழுந்து, 21 நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். 21ஆம் நாள் ஒன்றுமில்லை. 22லும் இல்லை. 23ஆம் நாள் மத்தியானம் ரெண்டு குஞ்சு வந்தது, ரெண்டுக்கும் தொப்புள் சரியாக மூடவில்லை. மீதி பத்தும் போச்சு.

நாள் தள்ளிப் பொரிக்கிறது என்றால் சூடு குறைவு என்று அர்த்தம். ஆனால் டிஸ்ப்ளேயில் 37.5 டிகிரி செல்சியஸ் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்து மூடியில் இருந்த ஓட்டை வழியாக முட்டை உயரத்துக்கு விட்டுப் பார்த்தேன். 36.4. ஒரு டிகிரிக்கு மேல் பொய் சொல்லியிருக்கிறது அந்தப் பெட்டி. போதாததற்கு, காற்றாடி இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்கிவிடும், கீழே குறையும். அதனால் அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். 37.5 என்பது காற்றாடி உள்ள பெட்டிக்கான கணக்கு. இதைக் கடைக்காரர் எனக்குச் சொல்லவில்லை, கூட வந்த தாளிலும் இல்லை. வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் அந்த 37, 38 பக்கத்தில்தான் மிகச் சரியாகக் காட்டும், அதற்காகவே செய்தது அது. வேறு எதையும் நம்புவதற்கு முன்னால் அதை நம்புங்கள்.

ரெண்டாவது பெட்டிக்காக மூணு மாசம் தேடினேன். இந்தத் தடவை எத்தனை முட்டை, என்ன விலை என்று ஆரம்பிக்கவில்லை. எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்து விடுகிறார்கள், நாலு மணி நேரம் வந்தால் அடுத்த நாலு மணி நேரம் இல்லை, சில நாள் அதுவும் தப்பிவிடும். 21 நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல்தான் ஓட வேண்டும். அப்படியானால் கரண்ட் இருக்கும்போது பெட்டி எப்படி ஓடுகிறது என்பதைவிட, போன பிறகு என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

பெரியப்பா மகன் அண்ணன் பேட்டரி, இன்வெர்ட்டர் வேலை பார்க்கிறவர். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொன்னார், "தங்கச்சி, வீட்டுக் கரண்ட் 220 வோல்ட்டுல மட்டும் ஓடுற பெட்டி வேணாம். பேட்டரியில இருந்து இன்வெர்ட்டர் வச்சு 220 ஆக்கினா அதுலயே கொஞ்சம் வீணாப்போவும். 12 வோல்ட்டுலயும் நேரா ஓடுறதாப் பாரு." சில பெட்டிகளின் பின்பக்கம் ரெண்டு இணைப்பு இருக்கும், ஒன்று 220க்கு, இன்னொன்று சிவப்பு, கறுப்பு வயர் மாட்டுகிற 12 வோல்ட் பேட்டரிக்கு. அதிலும் கரண்ட் போனதும் தானாகப் பேட்டரிக்கு மாறுகிறதா, நாம் எழுந்துபோய் மாற்ற வேண்டுமா என்று கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனால் தூக்கத்தில் நமக்கு எப்படித் தெரியும்?

தாய்லாந்து எல்லை ஊரான மியாவதி வழியாக வந்த ஒரு 24 முட்டைப் பெட்டி கடைசியில் பிடித்திருந்தது. ஆனால் உடனே வாங்கவில்லை. கடைக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு, உள்ளே முட்டைக்குப் பதிலாகச் சின்னத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, 37.5க்குச் சூடாக்கிவிட்டு, ஸ்விட்சை அணைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். காலிப் பெட்டியில் சோதித்தால் பிரயோஜனமில்லை, சூடு சட்டென்று இறங்கிவிடும். முட்டையோ தண்ணீரோ உள்ளே இருந்தால்தான் நிஜமான கணக்கு தெரியும். அது 35க்கு வந்து நின்றது. பக்கத்தில் ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக்கும் கண்ணாடி மாதிரி மூடியுமாக இருந்த அழகான பெட்டி 32க்கு இறங்கிவிட்டது. தெர்மோகோல் சூட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கழுவ முடியாது, பொரித்த பிறகு அழுக்கும் நாற்றமும் உள்ளே ஊறிவிடும், அடுத்த ஈட்டுக்கு அதுவே கெடுதல். நான் வாங்கினது வெளியே பிளாஸ்டிக்கும் நடுவில் நுரையும் வைத்த ரெட்டைச் சுவர். விலை முதல் பெட்டியைப் போல மூணு மடங்கு.

திருப்புகிற தட்டையும் பார்த்து வாங்குங்கள். உருளை வைத்த தட்டில் பெரிய பண்ணை முட்டை நன்றாக நிற்கும், நம் நாட்டுக்கோழி முட்டை 40 கிராம்தான் இருக்கும், இடைவெளியில் சறுக்கி ஒரு பக்கமாகவே நின்றுவிடும். அதனால் கூர்முனை கீழே இருக்கிற மாதிரி முட்டையை நிறுத்தி இரண்டு பக்கமும் சாய்க்கிற தட்டு எடுத்தேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாகச் சாயும்.

வீட்டுக்கு வந்ததும் முட்டை வைக்காமல் ஒரு முழு நாள் வெறுமனே ஓட்டினேன். 50 ஆம்பியர்-மணி (Ah) அளவுள்ள 12 வோல்ட் பேட்டரி ஒன்று மாட்டினோம். ஹீட்டர் விட்டுவிட்டு எரிவதால் சராசரியாக 25 வாட்தான் இழுக்கிறது, பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 12 மணி நேரம் தாங்கும். பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முட்டை எல்லாம் ஒரு வாரத்துக்குள் போட்டவை, கழுவாதவை, கீறல் இல்லாதவை. 24ஐயும் வைத்தேன். அது ஆடி மாசம், மோல்மின் மழை தெரியுமே, நாள் கணக்கில் விடாது. புத்தகக் கணக்குப்படி முதல் 18 நாள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் ஊற்று என்பார்கள். நான் ஒரு சொட்டுக் கூட ஊற்றவில்லை, அப்படியும் 60 காட்டியது. மழைக்காலத்தில் அந்த 18 நாளும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், காற்றுத் துளையை முழுசாகத் திறந்து வையுங்கள்.

ஏழாம் நாள் விளக்கில் பார்த்ததில் நாலு கருப்பிடிக்காத கூமுட்டை, இன்னொன்றில் கரு செத்து ரத்த வளையம் கட்டியிருந்தது. அஞ்சையும் எடுத்துவிட்டேன். 14ஆம் நாள் இன்னும் ஒன்று. பத்தாம் நாள் ராத்திரி பெரிய இடி, கரண்டும் போச்சு. பேட்டரிக்கு மாறிய சின்னச் சத்தம் கேட்டு நான் எழுந்து போனால், பெரியம்மா ஏற்கெனவே அங்கே நிற்கிறார்கள், பெட்டி மூடி மேலே ஒரு கரித்துண்டும் ஆணியும். "இருக்கட்டும்மா, ஆயா வச்சதுதானே" என்றார்கள். டிஸ்ப்ளே 37.4. நான் எதுவும் எடுக்கவில்லை.

ஒரு சமாதானம் சொல்கிறேன், கொஞ்ச நேரம் சூடு குறைந்தால் கரு உடனே சாகாது, கோழியே தினமும் தீனிக்காக எழுந்து போகிறதே. பயப்பட வேண்டியது சூடு கூடுவதற்குத்தான், 40ஐத் தாண்டி நின்றால் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வெயில் படுகிற ஜன்னல் பக்கம் பெட்டியை வைக்காதீர்கள்.

18ஆம் நாள் சாய்ப்பதை நிறுத்தி, முட்டைகளைப் படுக்க வைத்து, அடியில் கால் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்புப் போட்டு, பெட்டிக்குள் தண்ணீருக்காக இருக்கிற ரெண்டு பள்ளத்திலும் தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தை 70க்குக் கொண்டுவந்து மூடினேன். அதற்கப்புறம் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் போய் உள்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 20ஆம் நாள் சாயங்காலம் ஒரு முட்டையில் மிளகு அளவுக்கு ஓடு எழும்பி, உள்ளிருந்து கீச்சென்று சத்தம். அதற்குப் பிறகு பத்து மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. கை துடிக்கிறது உதவி செய்ய, செய்யவில்லை. விடியற்காலையில் ஓட்டைச் சுற்றிலும் கொத்தி, காலால் உதைத்து, நனைந்த பஞ்சு மாதிரி வெளியே விழுந்தது. 21ஆம் நாள் ராத்திரிக்குள் 15 குஞ்சு. உலர்ந்த பிறகுதான் எடுத்தேன். மஞ்சள் கரு வயிற்றில் இருப்பதால் ஒரு நாளைக்கு மேல் தீனி இல்லாமலே தாங்கும், அவசரமே இல்லை. பிறகு 35 டிகிரி சூட்டில் பல்பு போட்ட அட்டைப்பெட்டி, வாரத்துக்கு மூணு டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வந்தேன்.

பொரிக்காத மூணையும் 23ஆம் நாள் உடைத்துப் பார்த்தேன். ஒன்றில் குஞ்சின் தலை கூர்முனைப் பக்கம் திரும்பியிருந்தது. மற்ற இரண்டும் முழுசாக வளர்ந்து, ஊதி, ஈரமாகப் பிசுபிசுத்துக் கிடந்தன, காற்றறையும் சின்னதாக இருந்தது. ஈரப்பதம் 60 என்பதே அதிகம்தான் போல. அதனால் மழை விடும் வரைக்கும் பெட்டியைச் சமையலறையில், அடுப்பு எரிகிற சுவருக்கு இந்தப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன், அங்கே 52 காட்டுகிறது. நேற்று 18 முட்டை வைத்தேன், எல்லாமே பெரியம்மாவின் கறுப்புக்கோழி போட்டவை.