கோழிக்கூட்டில் தொடங்கிய பாடம்

பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதக் கேட்டதும் எங்கள் உயிரியல் சேரின் ஒரு பாடம்தான் நினைவுக்கு வந்தது. இன்றுவரை நான் செய்யும் ஆய்வு வேலை அதிலிருந்து வந்ததுதான்.

அது தூண்டப்படும் நொதியம் பற்றிய பாடம்; அதாவது, தேவைப்படும்போது மட்டும் கலம் கூடுதலாகச் செய்யும் நொதியம். அதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பாலிலுள்ள வெல்லமான லக்டோசு. லக்டோசு கிடைத்தால்தான் ஈ. கோலை என்ற பற்றீரியா அதை உடைக்கும் நொதியத்தைத் தாராளமாகச் செய்யும். 1961இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஜேக்கப்பும் மொனோவும் அதன் பொறிமுறையை விளக்கினார்கள். சேர் இதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, "மாரி தொடங்கினா கோழிக்கூடு ஏன் மூக்கைத் துளைக்குது? சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே சொன்னார். கோழி எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக்கமிலம், அது பியூரின் எனப்படும் நைதரசன் சேர்வைகளில் ஒன்று. காய்ந்து கிடக்கும்வரை பேசாமல் கிடக்கும். ஈரம் பட்டதும் மண்ணிலுள்ள பற்றீரியா அதை அலந்தொயினாக்கி, பிறகு அலந்தொயிக்கமிலமாக்கி, கடைசியில் அமோனியாவாக விடும். அதுதான் அந்த மணம். யூரிக்கமிலத்தை உடைக்கும் நொதியம் மனிதருக்கு இல்லை; மூட்டு வீங்கி நோகும் கௌட் வருத்தம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்களிடம் இல்லாததைக் கண்ணுக்குத் தெரியாத உயிர் வைத்திருக்கிறது என்பது அந்த வயதில் என்னை உலுக்கிவிட்டது.

புலம்பெயர்ந்து வந்து பசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பற்றீரியாவோடு வேலை செய்தபோதுதான் அந்தப் பாடத்தின் ஆழம் புரிந்தது. நல்ல நைதரசன் உணவு நிறைய இருந்தால் அது பியூரின்களைத் தேடிப் போகாது. நைதரசன் குறைந்ததும் பக்-ஆர் என்ற புரதம் கூடும். ஆனாலும் அலந்தொயினோ அலந்தொயிக்கமிலமோ யூரிக்கமிலமோ கலத்துக்குள் இருந்தால்தான் அந்தப் புரதம் பியூரினை உடைக்கும் நொதியங்களுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். பசியும் வேண்டும், சாப்பாடும் முன்னால் இருக்க வேண்டும். மூளையே இல்லாத ஒரு கலம் இவ்வளவு கணக்குப் பார்ப்பது எனக்கு இன்றும் அதிசயம்தான்.

இதற்கு எதிர்மாறானது பசிலஸ் பாஸ்டிடியோசஸ் என்ற இன்னொரு பற்றீரியா. 1929இல் டென் டூரன் டி யோங் என்ற விஞ்ஞானி விவரித்தது. யூரிக்கமிலமும் அதிலிருந்து வரும் அந்த இரண்டு பொருள்களும் தவிர வேறு எதிலும் அது வளராது என்று அவர் கண்டார். சேருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும், அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பள்ளி ஆய்வுகூடத்துக்கு உதவும்போது பற்றீரியா வளர்க்கும் கூழான ஏகாரும் யூரிக்கமிலமும், தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்க ஓர் அடைகாப்புப் பெட்டியும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். யூரிக்கமிலம் கலந்த ஏகார்த் தட்டு வெள்ளையாக மங்கியிருக்கும். கோழிக்கூட்டு மண் கரைசலை அதில் தடவினால், அதை உண்ணும் பற்றீரியா வளர்ந்த இடத்தைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். ஆசிரியரின் மேற்பார்வையில் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கட்டும்.