பட்ஜெட் மாத நாட்குறிப்பு, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து

மார்ச் 14, 2025, வெள்ளி

காலையில் சமையலை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பட்ஜெட் உரையைத் தொடங்கியதுமே எங்கள் கட்சி உறுப்பினர்கள் டாஸ்மாக் முறைகேட்டுப் புகாரை எழுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியோடு எல்லோரும் வெளிநடப்பு. டாஸ்மாக் பற்றிக் கேட்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் காலியாகக் கிடந்த அந்த இருக்கைகளைப் பார்த்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நானும் ஒரு பேரூராட்சியில் மூன்று வருடமாக எதிர்க்கட்சிக் கவுன்சிலர். எழுந்து வெளியே வந்த நாட்களில் உள்ளே என்னென்ன நிறைவேறியது என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உரை முடியும் வரை இருந்து கேட்டேன். நோட்டில் குறித்தது நான்கு எண். வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. 2026 மார்ச் முடிவில் கடன் 9,29,959 கோடி. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. அதை வாங்கும் பெண்கள் 1.15 கோடி பேர். விடுபட்ட தகுதியான பெண்கள் விண்ணப்பிக்க விரைவில் வாய்ப்பு தரப்படும் என்றும் சொன்னார்கள். அதன் அடியில் இரண்டு கோடு போட்டேன்.

மாலையில் வந்த போன் எல்லாம் பட்ஜெட் இலச்சினையில் ரூபாய் குறிக்குப் பதில் 'ரூ' போட்டதைப் பற்றித்தான்.

மார்ச் 16, ஞாயிறு

தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் மேல் லைனுக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா, தேயிலை பறிக்கிறவர். அவர் கணவர், இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளை. வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. உரிமைத் தொகைக்கு 2023-லேயே விண்ணப்பித்தார்கள். நான்கு சக்கர வாகனம் இருப்பதால் தகுதியில்லை என்று பதில் வந்துவிட்டது.

அந்த நான்கு சக்கர வாகனத்தை இன்றைக்குத்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஜீப். எந்தக் காலத்திலோ இலை ஏஜென்டிடம் இரண்டாம் கையாக வாங்கி, பசுந்தேயிலை மூட்டை ஏற்றி பேக்டரிக்கு ஓட்டியிருக்கிறார். இலை விலை விழுந்ததும் நிறுத்தியதுதான். நான்கு டயரும் மண்ணோடு மண்ணாக அமுங்கிவிட்டன. பானட் மேல் மேரக்காய் (சௌசௌ) கொடி முழுக்கப் படர்ந்திருக்கிறது. ஸ்டியரிங் பக்கம் கையை விட்டு அக்கா ஒரு காய் பறித்தார். "இது ஒண்ணுதான் கவுன்சிலரம்மா இந்த வண்டியில வர்ற வருமானம்" என்று சொல்லி என் பையில் போட்டார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

விதியை எடுத்துப் படித்தேன். சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர், கனரக வாகனம் வைத்திருக்கும் குடும்பம் விண்ணப்பிக்க முடியாது. சமவெளியில் இந்த விதி நியாயமாகக்கூட இருக்கலாம். மலையில் ஜீப் என்றால் பாதிக்குப் பாதி சுமை வண்டிதான். வண்டி ஓடுகிறதா என்று யாரும் வந்து பார்க்கவில்லை. ஆர்.சி.யில் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, இ-சேவை வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு. அது இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. அப்போதே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு.

மார்ச் 17, திங்கள்

சட்டசபையில் சபாநாயகரை நீக்க எங்கள் கட்சி கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. ஆதரவு 63, எதிர்ப்பு 154. தோற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஓட்டெடுப்புதான்.

ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். மாதம் ஆயிரம் என்றால் ஒருவருக்கு வருடத்துக்கு 12,000. 1.15 கோடிப் பேருக்கு 13,800 கோடி. ஒதுக்கியிருப்பது 13,807 கோடி. மிச்சம் ஏழே கோடி. அதில் ஒரு வருடம் முழுக்கக் கொடுப்பது என்றால் ஆறாயிரம் பேருக்குக்கூடத் தேறாது. 234 தொகுதிக்கும் பங்கு போட்டால் தொகுதிக்கு 25 பேர். 1.15 கோடி என்பது முழுமையாக்கிச் சொன்ன எண், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இருந்தாலும் விடுபட்ட எல்லோருக்கும் வாய்ப்பு என்ற அறிவிப்புக்கு இந்தப் பணம் காணாது.

பட்ஜெட்டுக்குப் பிறகு கூடுதல் பணம் கேட்கும் துணை மதிப்பீட்டில் வாங்கிக்கொள்வோம் என்று அரசு சொல்லலாம். தாராளமாகச் சொல்லட்டும். எந்த மாதம், எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று அவையில் சொல்லட்டும். அதைச் சொல்ல வைக்கத்தானே எதிர்க்கட்சி.

இரண்டு கேள்வி எழுதினேன். ஒன்று, புதிதாகச் சேரும் பெண்களுக்கான தொகை இந்த 13,807 கோடிக்குள் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து வரும். இரண்டு, வாகனம் என்ற காரணத்தால் மட்டும் நிராகரித்த விண்ணப்பங்கள் மாவட்டவாரியாக எத்தனை, அதில் ஓடாத வண்டி எத்தனை.

மார்ச் 19, புதன்

கேள்விகளைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி எங்கள் கட்சி நிர்வாகி ஒருவரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர். படித்துவிட்டு, "தங்கச்சி, கடனைப் பத்திப் பேசினாத்தான் டிவியில போடுவாங்க. ஜீப்பைப் பத்திப் பேசினா யாரு கேப்பா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடனைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 9 லட்சம் கோடி என்று நாம் சொன்னால், மாநில உற்பத்தியில் 26 சதவீதம்தான், வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். தொகுதிக்கு 25 பேர் என்று கேட்டால் அப்படி ஒரு பதில் சொல்லி நகர முடியாது. இதை அவரிடம் சொன்னேன். 2021 தேர்தலில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,500 தருகிறோம் என்று ஓட்டுக் கேட்டுப் போனது நாமும்தானே, அந்த அக்காவுக்காகக் கேட்கிற கடமை நமக்கு இல்லையா என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டெல்லியையும் இப்படித்தான் கேட்க வேண்டும். மேல் லைன் பாட்டிக்கு வரும் முதியோர் பென்ஷன் 1,200. மாநிலம் அதை 2023-ல் ஆயிரத்திலிருந்து ஏற்றியது. 60 முதல் 79 வயது வரை ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய், 2007-லிருந்து அதே 200. அன்றைக்கு அரிசி என்ன விலை, இன்றைக்கு என்ன விலை! யார் ஆட்சியில் இருந்தாலும் எதிரில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி இது.

மார்ச் 21, வெள்ளி

நிதியமைச்சர் பதிலுரை. மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா வந்துவிட்டதால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

எங்கள் பேரூராட்சியின் பட்ஜெட் கூட்டம். பட்ஜெட் புத்தகத்தில் போன வருட மதிப்பீடு, செலவைப் பார்த்துத் திருத்திய மதிப்பீடு, வரும் வருட மதிப்பீடு என்று பத்தி பத்தியாக இருக்கும். பெரும்பாலும் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு மேசையைத் தட்டிவிடுவார்கள். நான் நடுப்பத்தியிலிருந்து படிப்பேன். மேல் லைன் படிக்கட்டுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் போன வருடம் நான்கு லட்சம். திருத்திய மதிப்பீட்டில் சைபர். இந்த வருடம் மறுபடி நான்கு லட்சம்.

எழுந்து கேட்டேன். "தலைவரே, போன வருஷம் இதே வரியைப் படிச்சுத்தான் கைதட்டினோம். அந்தப் பணம் எங்கே போச்சு?"

தலைவர் செயல் அலுவலரைப் பார்த்தார். அவர் உள்ளதைச் சொன்னார். இரண்டு முறை டெண்டர் விட்டும் ஒருவரும் வரவில்லை. ரோட்டிலிருந்து சிமென்டையும் ஜல்லியையும் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும், அந்தக் கூலி எஸ்டிமேட்டில் இல்லை. பணம் வேறு வேலைக்குப் போய்விட்டது.

அப்படியானால் அதே நான்கு லட்சத்தை மறுபடி போட்டால் மறுபடி சைபர்தானே ஆகும்? தலைச்சுமைக் கூலி சேர்த்து எஸ்டிமேட் திருத்தும் வரை இந்த வரியை ஏற்க மாட்டேன் என்றேன். ஆளுங்கட்சி வரிசையில் சத்தம். வெளிநடப்பா என்று ஒருவர் கேட்டார். இல்லை, உட்கார்ந்துதான் இருக்கப் போகிறேன் என்றேன். முக்கால் மணி நேரம் இழுத்தது. என் ஆட்சேபனை தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. எஸ்டிமேட்டைத் திருத்தி அடுத்த கூட்டத்தில் வைப்பதாகத் தலைவரே சொன்னார். இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

திருத்திய எஸ்டிமேட் வந்தது. 5 லட்சத்து 60 ஆயிரம். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 24, வியாழன்

உங்களுடன் ஸ்டாலின் முகாம்கள் 15-ம் தேதியிலிருந்து நடக்கின்றன. உரிமைத் தொகைக்கு அங்கே மனு வாங்குகிறார்கள். இந்த முறை, அரசு மானியத்தில் வாங்கிய நான்கு சக்கர வாகனம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அக்காவின் ஜீப் மானியத்தில் வாங்கியது இல்லையே. பதிவை ரத்து செய்தால்தான் வழி.

காலையில் அக்கா, அவர் கணவர், நான், பக்கத்து லைன் பையன் நான்கு பேரும் கொடியை அறுத்து எடுத்தோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் அச்செடுத்துக் கேட்பார்கள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் கை தடிமனுக்குத் துரு. பையன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், மண்ணெண்ணெய் ஊற்றி மறுபடி தேய்த்தான். அக்காவின் கணவர் நல்ல கையால் வெள்ளைத் தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா பென்சிலைச் சாய்த்து மெதுவாக உரசினார். முதலில் ஒரு ஏழு வந்தது. அப்புறம் இரண்டு. மூன்றாவது எண் எட்டா மூன்றா என்று தெரியவில்லை. நாளை ஊட்டிக்குப் போக அரசு பஸ் காலை ஏழரைக்கு.