ஆமி மெடிக்கல், ரெண்டாவது தடவ போய் பாஸ் பண்ணினது

போன மாசம் நம்ம தோட்டத்து டிவிஷன்ல ஒரு தம்பி வந்து, அண்ணே ஆமிக்கு ஆள் எடுக்கும்போது மெடிக்கல்ல என்னென்ன பாப்பாங்கன்னு கேட்டான், காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பிரட்டு களத்துப் பக்கத்துல நின்னுகிட்டு அர மணித்தியாலம் சொல்லியும் முடியல, அதனால எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் மொத தடவ போய் திரும்பி வந்தவன். திரும்பி வந்ததுக்குக் காரணமான எல்லாமே முன்னுக்கே சரி பண்ணியிருக்கக் கூடிய விஷயங்கதான், யாரும் சொல்லித் தரல, அதான் மனசு கேக்கல.

நமக்கு ஹப்புத்தளைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறாங்க, அப்பா கவ்வாத்து வெட்டுறவர். சின்ன வயசுல தியத்தலாவ ஆமி கேம்ப் பக்கம் இருந்து சுடுற பயிற்சி சத்தம் கேக்கும், எனக்கு அப்பவே ஆசை. அம்மாவுக்கு யுத்த காலத்துப் பயம் இன்னும் போகல, ரெண்டு வாரம் என்னோட சரியா பேசல. அப்பாதான், அவன் யோசிச்சுத்தான் போறான் விடு புள்ளன்னு சொன்னாரு.

பேப்பர் விஷயத்த சுருக்கமா சொல்லிடுறேன். பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு ஒரு மாதிரி, என் ஐடில இன்னொரு மாதிரி, தோட்டத்துல பாதிப் பேருக்கு இதே பிரச்சின. சமாதான நீதவான்கிட்ட சத்தியக் கடதாசி போட்டு எடுத்துக்குங்க, ஜி.எஸ் (கிராம சேவகர்) சர்ட்டிபிகேட்டையும் முன்கூட்டியே வாங்கி வைங்க. கடைசி நாள்ல ஓடாதீங்க.

இனி மெடிக்கல். மொத தடவ நான் செஞ்ச தப்பு, ராத்திரி பஸ்ல குந்திகிட்டே போய் விடியக்காலையில எறங்கினது. கண்ணு மூடவே இல்ல. குளிருக்கு ரெண்டு பிளேன்டி குடிச்சேன், பாத்ரூம் போனா வரிசையில இடம் போயிடும்னு அடக்கிகிட்டு நின்னேன். அந்த நெலமையில கையில பட்டிய சுத்தி பிரஷர் பாத்தாங்க, 150க்கு 96. எனக்கு 21 வயசு, வாழ்க்கையில பிரஷர் வந்ததே இல்ல. அப்புறமா நம்ம ஊர் கிளினிக் டாக்டர் விளங்கப்படுத்தினாரு, தூக்கம் இல்ல, பயம், தேத்தண்ணி, மூத்திரத்த அடக்குறது இது ஒவ்வொண்ணுமே பிரஷர ஏத்தும், எல்லாம் சேந்தா கேக்கவா வேணும்னு. பாக்குறதுக்கு முன்னுக்கு அஞ்சு நிமிஷம் முதுகச் சாச்சி, கால் ரெண்டையும் தரையில வச்சி, பேசாம உக்காரணும், கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், தேத்தண்ணி சிகரெட் எதுவும் அதுக்கு முந்தின அர மணித்தியாலத்துல கூடாது.

அடுத்தது பாஷை. இத எல்லாரும் கவனமா வாசிங்க. டாக்டர் சிங்களத்துல பழைய வருத்தங்கள ஒவ்வொண்ணா கேட்டுகிட்டே எழுதினாரு. 'எதும தியனவத'ன்னு கேட்டாரு. எனக்கு அது 'எந்தும தியனவத'ன்னு விழுந்திச்சி, அதாவது உடுப்பு இருக்கான்னு. ஓடுறதுக்கு ஷோர்ட்ஸும் டீசேர்ட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தாங்கதானே, நான் 'ஓவ் சேர், தியனவா', ஆமா சேர் இருக்குன்னு பேக்க காட்டினேன். அவரு பேனாவ வச்சி எழுதப் போயிட்டாரு. 'எதும'ன்னா ஆஸ்துமா! பக்கத்துல நின்ன ஒரு கோப்ரல் கண்டியில படிச்ச மனுஷன், தமிழ் தெரியும், தம்பி, சேர் இழுப்பு நோய் இருக்கான்னு கேக்குறாருன்னு சொன்னாரு. அவரு இல்லன்னா என் ஃபைல்ல ஆஸ்துமான்னு ஏறியிருக்கும், அது ஏறிட்டா சும்மா எறங்காது. அதனால தம்பிமார், வருத்தங்களோட பேர சிங்களத்துல படிச்சிட்டுப் போங்க, ஒரு சொல்லு விளங்கலன்னா தலையாட்டாதீங்க, 'சேர், தேருனே நே', விளங்கலன்னு சொல்லுங்க. அதுல வெக்கம் எதுவும் இல்ல.

உயரம், நிறை, நெஞ்சு அளவு பாத்தாங்க, நெஞ்ச மூச்ச விட்டும் இழுத்தும் ரெண்டு தரம் அளப்பாங்க. அப்புறம் உள்ளாடையோட நிப்பாட்டி முழு உடம்பும். முட்டி ரெண்டும் இடிக்குதா, பாதம் தட்டையா, நரம்பு சுருண்டிருக்கான்னு பாத்தாங்க. 'கஹின்ன'ன்னு சொல்லி இருமச் சொல்லி அடிவயித்துல கை வச்சி ஹேர்னியா (குடலிறக்கம்) பாக்குறது எல்லாருக்கும் கூச்சமாதான் இருக்கும், ஒரு நிமிஷம்தான், அவங்களுக்கு அது தெனசரி வேல. என் காலு பூரா புள்ளி புள்ளியா தழும்பு. இது என்னன்னு டாக்டர் குனிஞ்சி பாத்தாரு. அட்டை கடிச்சது சேர், மழைக்காலத்துல மலையில ஏறுவோம்னேன். சரின்னு தலையாட்டிட்டு எழுதாம விட்டுட்டாரு.

காதுல வெளக்கப் போட்டுப் பாத்து செவிப்பறையே தெரியல, அழுக்கு அடைச்சிருக்குன்னாரு. நான் ரெண்டு நாளைக்கு முன்ன சுத்தம் பண்றேன்னு பட்ஸ் விட்டு நல்லா உள்ளுக்குத் தள்ளி வச்சிருக்கேன். ரத்தத்துல ஹீமோகுளோபின் 11.2. ஆம்பளைக்கு 13க்குக் கொறஞ்சா ரத்தசோகைன்னு கணக்கு. பிரஷர், காது, ரத்தம் மூணும் சேந்து அன்னைக்கு என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. சரி பண்ணிட்டு அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வான்னுதான் சொன்னாங்க, ஆனா வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு அது காதுல ஏறல.

ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். மொதல்ல பூச்சி மாத்திர, அப்புறம் இரும்புச்சத்து மாத்திர. அந்த டாக்டர் கேட்ட மொத கேள்வி, ஒரு நாளைக்கு எத்தன தேத்தண்ணி குடிக்கிறீங்க? எண்ணிப் பாத்தா ஏழு எட்டு வருது, அதுவும் சோறு தின்னதும் ரொட்டி தின்னதும் கையோட ஒரு கப். தேயிலையில இருக்கிற துவர்ப்பு சாப்பாட்டுல வர்ற இரும்ப உடம்புல சேர விடாதாம். மாத்திரையையே தேத்தண்ணியில போட்டு முழுங்குறவங்க நம்ம லயத்து வீடுகள்ல எத்தன பேருன்னு அன்னைக்குத்தான் யோசிச்சேன். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்ன பின்ன ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேணாம், அதுக்குப் பதிலா கொய்யாவோ தேசிக்காய்த் தண்ணியோ எடுங்க, விட்டமின் சி இரும்ப உள்ள இழுக்கும்னாரு. முருங்கைக் கீரை, கௌபி, நெத்தலின்னு அம்மா மாத்தி மாத்தி செஞ்சாங்க. மலம் கறுப்பாப் போகும், அது மாத்திரையால, பயப்பட வேணாம். காதுக்கு எண்ணெய்த் துளி விட்டு இளகினப்புறம் அவங்களே தண்ணி அடிச்சி எடுத்தாங்க. பிரஷர வாரத்துக்கு ஒரு தரம் பாத்து கொப்பியில எழுதினேன், ஒரு தடவ கூட 130 தாண்டல. நாலாவது மாசம் ஹீமோகுளோபின் 13.6.

ரெண்டாவது தடவ போகும்போது பக்கத்து டிவிஷன் கூட்டாளியும் வந்தான். முந்தின நாளே போய் தெரிஞ்ச ஒரு வீட்டுல தங்கினோம், காலையில வெறும் தண்ணி மட்டும். எனக்கு பிரஷர் 124க்கு 78. ஆறு மீட்டர்ல வச்ச எழுத்துப் பலகையில ரெண்டு பேருக்கும் பார்வை 6/6, எங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்கு முடிஞ்சிடும்னு நெனச்சேன். அடுத்து புள்ளி புள்ளியா கலர் போட்ட புத்தகம், புள்ளிக்குள்ள தெரியுற இலக்கத்தச் சொல்லணும். மொத பக்கத்துல 12, அது எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது பக்கத்துல நான் 8னு சொன்னேன். எனக்கு அப்புறம் அவன், 3னு சொன்னான். திரும்பக் கேட்டாங்க, திரும்பவும் 3. அடுத்த பக்கங்கள்ல சிலதுல ஒண்ணுமே இல்லன்னான். சிவப்பு பச்ச பிரிக்க முடியாத கண்ணுன்னு எழுதிட்டாங்க. பிரஷர், ரத்தம், காது மாதிரி இல்ல இது, மருந்தே கெடையாது, தாய் வழியா வர்றது, அதிகமா ஆம்பளைங்களுக்குத்தான் வரும்.

வர்ற வழியில அவன் ஜன்னல் பக்கமே பாத்துகிட்டு வந்தான். பண்டாரவளை தாண்டினப்புறம்தான் பேசினான். சின்ன வயசுல வீட்டுத் தோட்டத்துல கோப்பி பறிக்கப் போனா, பழமும் காயும் கலந்து பறிச்சிட்டு வர்றான்னு ஒவ்வொரு நாளும் அடி வாங்குவேன்டா, எங்க மாமாவும் அப்படித்தான்னு சொல்லி அம்மா திட்டும், சோம்பேறின்னுதான் எல்லாரும் நெனச்சாங்கன்னான். எனக்கு பதில் சொல்லத் தெரியல, தோள்ல கை போட்டுகிட்டேன். தம்பிமார், நாலு மாசம் ஓடி, பேப்பர் சேத்து, பஸ்ஸுக்குக் காசு கடன் வாங்கிப் போறதுக்கு முன்னுக்கு, ஒரு கண் கிளினிக்ல இந்தப் புத்தகத்த பாத்துடுங்க. பத்து நிமிஷ வேலை. அவனுக்கு யாராவது ஸ்கூல்லயே காட்டியிருந்தா அவன் வேற கணக்குப் போட்டிருப்பான்.

எனக்குக் கடிதம் வந்திடுச்சி, வர்ற மாசம் பயிற்சிக்குப் போகணும். கிளினிக்ல கடைசி நாள் அம்மாவையும் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாத்தேன். அவங்களுக்கு ஹீமோகுளோபின் 9.1. இத்தன வருஷமா தல சுத்துது, ஏத்தம் ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொல்லிகிட்டே மலைக்குப் போனாங்க. இப்ப அவங்களும் மாத்திர போடுறாங்க. ராத்திரி சோத்துக்கு அப்புறம் அடுப்புல கேத்தல வைக்கப் போவாங்க, நான் மணியப் பாப்பேன், அவங்க திரும்ப வந்து உக்காந்துக்குவாங்க. நான் போனதும் அப்பா மணி பாக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்.