மண்சட்டியில் மொகேக்கா

பிரேசிலின் பாயியா மாநிலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவத்தில் உருப்பெற்ற மொகேக்கா என்னும் மீன் குழம்பை நேற்று வீட்டில் சமைத்தேன். எலுமிச்சைச் சாறும் பூண்டும் உப்பும் பிசிறி 30 நிமிடம் ஊறிய வஞ்சிரத் துண்டுகளை, மண்சட்டியில் வட்டமாக நறுக்கி அடுக்கிய வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றின் மேல் பரப்பி, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி மூடினேன். காய்களே நீர் விடுவதால் தண்ணீர் ஒரு சொட்டும் தேவைப்படவில்லை. கரண்டியால் கிளறினால் மீன் உடைந்துவிடும் என்பதால் சட்டியை லேசாக அசைத்துக் கொடுத்தேன். கடைசி 5 நிமிடத்தில் இறாலைச் சேர்த்து, டெண்டே எனப்படும் செம்பனை எண்ணெயை இரண்டு கரண்டி விட்டதும், குழம்பின் மேல் செம்மஞ்சள் வளையங்கள் மிதந்தன. அந்த எண்ணெய் இல்லாவிட்டால் அது மொகேக்காவே ஆகாது என்பது என் கட்சி. டெண்டேயும் தேங்காய்ப்பாலும் இல்லாமலே மொகேக்கா சமைக்கும் பிரேசிலின் எஸ்பிரிட்டு சாந்து மாநிலத்தார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.