யோபுவின் கதையைக் கேட்டவரின் தடத்தில்: உதயகிரியிலிருந்து காற்றாடிமலை வரை

மறைசாட்சி தேவசகாயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் பூண்ட விலங்கையும் அவர் மீது பாய்ந்த குண்டுகளையுமே பேசுகிறார்கள். என்னைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அழைத்துச் சென்றதோ அவற்றுக்கெல்லாம் முந்தைய ஒரு நிகழ்ச்சி. 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் மதிப்பான பணியில் இருந்த அவர், கால்நடைகள் மடிந்து, விளைச்சலும் பொய்த்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்த இழப்புகளால் மனம் நொந்திருந்த காலத்தில், அரண்மனைப் படையின் டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு விவிலியத்திலுள்ள, செல்வத்தையும் பிள்ளைகளையும் இழந்து துன்புற்ற யோபுவின் கதையைச் சொன்னார். அந்த உரையாடலிலிருந்துதான் அவருடைய கிறிஸ்தவ வாழ்வு தொடங்குகிறது.

இந்தச் செய்தியை நான் படித்த நேரம் அப்படிப்பட்டது. நடத்தி வந்த சிறு தொழில் நொடித்து, அதே ஆண்டில் அப்பாவும் காலமாகி, இரவானால் உறக்கம் வராமல் "இனி நீ எதற்கும் ஆக மாட்டாய், உன்னால் யாருக்கும் பயனில்லை" என்று மனமே மனத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அன்போடு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், எதிர்மறை எண்ணங்களுக்கு இடம் கொடுக்காதே, செபமாலை சொல், எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். செபமாலை சொல்லத்தான் செய்தேன். ஆனால் ஒவ்வொரு மணியை நகர்த்தும்போதும் அந்த எண்ணமும் கூடவே நகர்ந்தது. அப்போதுதான் யோபுவின் கதையால் மீண்ட ஒருவரின் இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் பிறந்தது. அக்காவும் உடன் வருவதாகச் சொன்னார்.

முதலில் உதயகிரிக் கோட்டைக்குச் சென்றோம். தக்கலைக்கு அருகில் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் இக்கோட்டையை அப்பகுதி மக்கள் டிலனாய் கோட்டை என்றும் சொல்கிறார்கள். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கும் அதனுள்ளே, மரங்களுக்கு நடுவே, கூரையில்லாத சிற்றாலயம் ஒன்றில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்வெட்டில் லத்தீனும் தமிழும் அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. 1777-இல் இறந்த அவருடன் அவருடைய மனைவியும் மகனும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

அந்தக் கல்லறைக்கு முன் நான் நெடுநேரம் நின்றேன். டிலனாய் வெற்றி பெற்று இந்த மண்ணுக்கு வந்தவர் அல்லர். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபோது சிறைப்பட்டவர். பிறகு தம்மைச் சிறைப்பிடித்த மன்னருக்கே படை பயிற்றுவித்து, தாய்நாடு திரும்பாமல் இங்கேயே முதிர்ந்து மறைந்தவர். தோல்வி, சிறை, அந்நிய மண் ஆகிய மூன்றையும் அறிந்த ஒருவர்தாம் நீலகண்டனின் அருகில் அமர்ந்து யோபுவைப் பற்றிப் பேசியிருக்கிறார். வசதியான இடத்தில் இருந்துகொண்டு சொல்லப்படும் ஆறுதலுக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு! நீலகண்டன் செவிசாய்த்ததற்கு, சொல்லப்பட்ட கதை எவ்வளவு காரணமோ, சொன்னவரின் வாழ்வும் அவ்வளவு காரணமாக இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

யோபுவின் கதையை நாம் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே சுருக்கி வைத்திருக்கிறோம். "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக் கொண்டார்" என்னும் முதல் அதிகாரத்து வரி எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த நூலில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றாம் அதிகாரத்திலேயே யோபு தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பின் அதிகாரம் அதிகாரமாக அவர் கடவுளிடம் வழக்காடுகிறார். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து, உன் பாவத்தால்தான் இது நேர்ந்தது என்று விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவருக்குப் பாரமானார்கள். நூலின் இறுதியில் கடவுள் அந்த நண்பர்களைக் கடிந்துகொண்டு, என் ஊழியன் யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். முறையிட்டவரின் பேச்சைக் கடவுள் ஏற்றுக்கொள்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்களின் பேச்சைத் தள்ளிவிடுகிறார். கசப்பான எண்ணங்களை மறைத்துவிட்டு இனிமையான சொற்களோடு மட்டுமே ஆண்டவரிடம் வர வேண்டும் என்று எண்ணி வந்த எனக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லி முடியாது.

நீலகண்டன் 1745-ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளம் ஆலயத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் அவர் வாழ்வில் இழப்பு குறைந்துவிடவில்லை. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகியது அவரைச் சூழ்ந்திருந்தோருக்குப் பொறுக்கவில்லை. 1749 பிப்ரவரியில் கைதானார். விசுவாசம் வந்தால் துன்பம் விலகும் என்று சொல்லித் தருவோர் இந்த ஆண்டுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். எருமையின் மேல் பின்னோக்கி அமர்த்தப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டவர், சவுக்கடி பட்ட புண்களில் மிளகுப்பொடி தூவப்பட்டவர், சோர்ந்துபோகவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சோர்வை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கோட்டைக்கு அருகிலேயே முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தால் வாடிய தேவசகாயம் மன்றாடிப் பாறையைத் தம் முட்டியால் இடித்தபோது நீர் சுரந்தது என்பது இங்குள்ள மக்களின் நம்பிக்கை. பாறையின் சிறு குழியில் தேங்கியிருக்கும் நீரைத் திருப்பயணிகள் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஓர் இளம் தாய், விரல் நுனியை அதில் நனைத்துக் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார்.

நாகர்கோவிலில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில், பீடத்துக்கு முன்பாக அவருடைய கல்லறை அமைந்திருக்கிறது. திருப்பலி நேரத்தில் சென்றதால் கூட்டம் மிகுந்திருந்தது; முழந்தாளிட்டு ஒரு மன்றாட்டு மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

காற்றாடிமலை ஆரல்வாய்மொழியில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாகக் காற்று விசையோடு நுழையும் ஊர் அது; சுற்றுப்புறம் எங்கும் காற்றாலைகள். பேருந்தை விட்டு இறங்கிய நொடியிலிருந்து அக்காவின் முந்தானையும் எங்கள் பேச்சும் காற்றோடு போராட வேண்டியிருந்தது. 1752-ஆம் ஆண்டு சனவரி 14 அன்று இங்கேதான் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அந்நேரத்தில் மலையிலிருந்து ஒரு பாறை உருண்டு மணிபோல ஒலித்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மணியடிச்சான் பாறை என்று பெயர் பெற்ற அதன் மேல் சிறு கல்லால் தட்டினால், இன்றும் வெண்கலத்தின் நாதம் எழுகிறது.

நான் கல்லை எடுத்து ஓங்கியபோது அருகில் நின்ற முதியவள் ஒருத்தி, "ஓங்கி அடிக்காண்டாம் மக்களே, மெல்லத் தட்டினாலே போதும்" என்றார். மெல்லத் தட்டினேன். ஓசை தெளிவாக எழுந்தது. காற்று உடனே அதை வாரிக்கொண்டு போயிற்று. பாறைக்கு அருகில் அமர்ந்து, கைப்பையிலிருந்த விவிலியத்தில் யோபு நூலின் 38-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடிக்காமல் படிக்க முடியவில்லை. ஆண்டவர் சூறாவளியினின்று யோபுக்குப் பதிலளித்தார் என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. நான் மண்ணுலகுக்கு அடித்தளமிட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்கும் கடவுள், யோபு ஏன் துன்புற்றார் என்பதற்கு நூல் முடியும்வரை காரணமே சொல்வதில்லை. எனக்கும் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் யோபு கேட்டது காரணத்தை மட்டும் அன்று. கடவுளே வந்து தம்மோடு பேச வேண்டும் என்பதைத்தான் அவர் எல்லாவற்றுக்கும் மேலாக விரும்பினார், அது அவருக்குக் கிடைத்தது. அந்தக் காற்றில் அமர்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாதிருந்த எண்ணங்களை, அப்பா மீதிருந்த ஏக்கத்தை, கடவுள் மீதே இருந்த கோபத்தை, வாய்விட்டு அவரிடம் சொன்னேன். அக்கா சற்றுத் தள்ளி அமர்ந்து, நான் முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிரவே எண்ணங்கள் ஒழிந்துவிட்டன என்று எழுதினால் அது பொய்யாகும். அவை இப்போதும் வருகின்றன. வரும்போது அவற்றோடு தனியாக வாதாடுவதை விட்டுவிட்டு, அவற்றை அப்படியே ஆண்டவரிடம் சொல்லும் பழக்கம் வந்திருக்கிறது. மருத்துவரையும் பார்க்கிறேன், இதில் விசுவாசக் குறைவு ஏதும் இருப்பதாக நான் கருதவில்லை. சாக விரும்பிப் பாலைநிலத்தில் படுத்துக் கிடந்த இறைவாக்கினர் எலியாவிடம் வந்த வானதூதர், அறிவுரை கூறாமல், அப்பமும் தண்ணீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார் என்றுதானே அரசர்கள் முதல் நூல் சொல்கிறது.

2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபின், குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் என்னும் பெருமையோடு காற்றாடிமலையைத் தேடி வருவோர் பெருகியிருக்கிறார்கள். போக விரும்புவோர் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் ஆரல்வாய்மொழியில் இறங்கிக்கொள்ளலாம். உதயகிரிக் கோட்டையையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். டிலனாயின் கல்லறைக்கு வருவோர் மிகக் குறைவு. மனம் தளர்ந்த உறவினரோ நண்பரோ வீட்டில் இருந்தால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வழியில் அவர் பேச விரும்பினால் பேசட்டும்.